பெயரே பட்டமான பயில்வான் சாண்டோ

உடல் கட்டு உள்ள ஒருவரை நம் நாட்டில் 'சாண்டோ' என்று அழைப்பது வழக்கம். எம்.ஜி.ஆரை வைத்துப் பல படங்கள் எடுத்த தேவர், 'சாண்டோ' சின்னப்பா தேவர் என்றே பெயர் பெற்றார். அவர் கோவையில் தேகப்பயிற்சி செய்து உடம்பை வளர்த்தவர். வங்காளத்தில் கை இல்லாத பனியனைக்கூட 'சாண்டோ கெஞ்சி' என்றுதான் சொல்லுவார்கள்.

ஆனால் சாண்டோ என்பது முதலில் பட்டமாக இருந்தது அல்ல. அது ஒரு மனிதரின் பெயர்.

யார் அவர்? அவர் பெயர் எப்படி உலகம் எல்லாம் பரவியது? குண்டு தூக்கியதாலா? சங்கிலியை அறுத்ததாலா?

அதனால் மட்டும் அல்ல. சாதாரண மனிதனை, அவன் வீட்டிலேயே, தினமும் தேகப்பயிற்சி செய்ய வைத்தவர் அவர். அதுதான் அவருடைய பெரிய சாதனை.

பிறப்பு

1867-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந்தேதி, பிரஷ்ய நாட்டின் கோனிக்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது. அதன் இப்போதைய பெயர் காலினின்கிராட்.

பெற்றோர் இட்ட பெயர், பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது பிறகு அவரே வைத்துக்கொண்ட பெயர்.

சிறு வயதில் தாம் மெலிந்த பையனாக இருந்ததாகச் சாண்டோ தம் புத்தகத்தில் எழுதி இருக்கிறார். ஒரு தடவை அவருடைய தந்தை அவரை இத்தாலிக்கு அழைத்துப் போனார். அங்கே பழங்கால வீரர்களின் பளிங்குச் சிலைகள் இருந்தன. அகன்ற மார்பு, திரண்ட தோள், உறுதியான கால்கள்! பையன் வாய் பிளந்து நின்றான். இப்படிப்பட்ட மனிதர்கள் உண்மையிலேயே இருந்தார்களா என்று தந்தையைக் கேட்டான். இருந்தார்கள், அவர்கள் உடம்பை வளைத்து உழைத்தார்கள், இப்போது மனிதர்கள் சுகவாசிகள் ஆகிவிட்டார்கள் என்று தந்தை விளக்கினார்.

அன்று முதல் தனக்கும் அப்படி உடம்பு வேண்டும் என்ற ஆசை பிறந்தது என்பது சாண்டோ சொல்லும் கதை. இதில் கொஞ்சம் கற்பனையும் கலந்து இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஆனால் அவர் வெறும் ஆசையோடு நிற்கவில்லை. மனித உடம்பில் எந்தத் தசை எங்கே இருக்கிறது, அது எப்படி வேலை செய்கிறது என்று படித்தார். ஒவ்வொரு தசைக்கும் ஒரு பயிற்சி என்று வகுத்துக்கொண்டார்.

சர்க்கஸ் வாழ்க்கை

1885-ம் ஆண்டு, பட்டாளத்தில் கட்டாய சேவை செய்ய விரும்பாமல் அவர் நாட்டை விட்டு வெளியேறினார். அப்போது வயது 18. சர்க்கஸில் சேர்ந்து வித்தை காட்டிப் பிழைத்தார்.

பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். அவர் பெயர் லூயி துர்லாக்கர். 'புரொபசர் அட்டிலா' என்று ஊரெல்லாம் அழைக்கும். வாலிபனின் உடம்பைப் பார்த்ததும், இவன் பெரிய ஆளாக வருவான் என்று அட்டிலா கண்டுகொண்டார். கனமான குண்டுகளைப் படிப்படியாகத் தூக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார்.

சவால்!

அந்தக் காலத்தில் லண்டன் நகரில் சாம்சன் என்ற பயில்வான் கொடிகட்டிப் பறந்தான். அவனுக்கு ஒரு சீடன். அவன் பெயர் சைக்ளோப்ஸ். சீடனை ஜெயித்தால் 100 பவுன், தன்னை ஜெயித்தால் 500 பவுன் பரிசு என்று சாம்சன் சவால் விட்டு இருந்தான்.

இந்தச் செய்தி சாண்டோவின் காதுக்கு எட்டியது. லண்டனுக்குப் புறப்பட்டார். முதலில் சீடனை வென்றார். 1889-ம் ஆண்டு நவம்பர் 2-ந்தேதி சாம்சனோடு போட்டி. இடம், வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள ராயல் அக்வேரியம் என்ற அரங்கம். கூட்டம் அலை மோதியது. பிரபுக்கள் நடுவராக உட்கார்ந்து இருந்தார்கள்.

சாம்சன் இரும்புக் கம்பியை வளைத்தான். சாண்டோவும் வளைத்தார். சாம்சன் மார்பில் கம்பிக் கயிற்றைச் சுற்றி, மூச்சை இழுத்து அறுத்தான். சாண்டோவும் அறுத்தார். சாம்சன் கையில் சங்கிலியை மாட்டி, புஜத்தை முறுக்கி உடைத்தான். சாண்டோவும் உடைத்தார்.

அன்று இரவோடு சாம்சனின் புகழ் மங்கியது. 22 வயது வாலிபர் சாண்டோவின் பெயர், மறுநாள் லண்டன் முழுவதும் அடிபட்டது.

அமெரிக்காவில்

1893-ம் ஆண்டு சாண்டோ அமெரிக்கா போனார். சிகாகோ நகரில் அப்போது பெரிய உலகப் பொருட்காட்சி நடந்தது. ஜீக்பெல்டு என்ற நாடக முதலாளி, சாண்டோவைத் தன் அரங்கில் ஏற்றினார்.

ஜீக்பெல்டு ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எத்தனை குண்டு தூக்குகிறார் என்று ஜனங்கள் எண்ணவில்லை. அவருடைய உடம்பின் அழகைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே, தசைகளை முறுக்கிக் காட்டுவதே ஒரு தனிக் காட்சி ஆயிற்று. இன்று நடக்கும் ஆணழகன் போட்டிகளுக்கு எல்லாம் விதை அங்கேதான் விழுந்தது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தேகப்பயிற்சி நிபுணர் டாக்டர் சார்ஜென்ட், சாண்டோவின் உடம்பை அங்கம் அங்கமாக அளந்து பார்த்து வியந்தார். 1894-ம் ஆண்டு மார்ச் மாதம் எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் சாண்டோவை வைத்துப் படம் பிடித்தார்கள். சினிமா பிறந்த காலத்து முதல் படங்களில் அதுவும் ஒன்று. இன்றும் அதைப் பார்க்கலாம்.

குமாஸ்தாக்களின் வாத்தியார்

பணம் வந்தது. புகழ் வந்தது. இத்தோடு நின்று இருந்தால், சாண்டோவும் சாம்சனைப் போலவே மறக்கப்பட்டு இருப்பார்.

அவர் லண்டனுக்குத் திரும்பினார். 1897-ம் ஆண்டு, செயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு தேகப்பயிற்சிக் கூடம் திறந்தார். அதே ஆண்டில், பலம் பெறும் வழி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மறு ஆண்டில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார்.

பத்திரிகையை வாங்கியவர்கள் யார்? பயில்வான்கள் அல்ல. குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், பள்ளி ஆசிரியர்கள்.

காரணம் இருந்தது. இங்கிலாந்தில் ஜனங்கள் வயலை விட்டு நகரத்துக்கு வந்து குவிந்த காலம் அது. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை. புகை நிறைந்த காற்று. கூன் விழுந்த முதுகு. 1899-ம் ஆண்டில் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது, பட்டாளத்தில் சேர வந்த வாலிபர்களில் ஆயிரக்கணக்கான பேர் உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாடே திடுக்கிட்டது.

அந்த நேரத்தில் சாண்டோ, யார் வேண்டுமானாலும் பலசாலி ஆகலாம் என்றார். அதற்குக் குஸ்தி மைதானம் வேண்டாம், வீட்டு அறை போதும் என்றார். ஜனங்கள் நம்பினார்கள்.

சாண்டோ முறை

அவர் சொன்ன முறை மிகவும் எளிது.

கையில் சில ராத்தல் எடையுள்ள சிறிய இரும்புக் குண்டு இரண்டு. கண்ணாடி முன்னால் நிற்க வேண்டும். குண்டைப் பிடித்துக் கையை மடக்கி நீட்ட வேண்டும். எந்தத் தசை வேலை செய்கிறதோ, அந்தத் தசை மீதே மனம் இருக்க வேண்டும். மனம் எங்கேயோ அலைய, கை மட்டும் ஆடினால் பலன் இல்லை.

முதல் நாளே அதிகம் செய்யக்கூடாது. வயதுக்குத் தக்கபடி எத்தனை தடவை செய்வது என்று புத்தகத்தில் அட்டவணை போட்டுக் கொடுத்தார். சில நாளுக்கு ஒரு தடவை எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மார்பு எவ்வளவு, புஜம் எவ்வளவு என்று அளந்து குறித்து வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் அரை மணிக்கும் குறைவு. ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

சாப்பாட்டில் அவர் கடுமையான பத்தியம் எதுவும் சொல்லவில்லை. எளிய உணவு, வேளை தவறாத சாப்பாடு, போதுமான தூக்கம். அவ்வளவுதான்.

அவர் ஒரு புது மாதிரிக் குண்டையும் விற்றார். அதன் கைப்பிடி இரண்டாகப் பிளந்து இருக்கும். நடுவில் ஸ்பிரிங்குகள். பிடியை இறுக்கி மூடிக்கொண்டே பயிற்சி செய்ய வேண்டும். பலம் கூடக் கூட, ஸ்பிரிங்குகளைக் கூட்டிக்கொள்ளலாம். லண்டனுக்கு வர முடியாதவர்களுக்குத் தபால் மூலம் பாடம் அனுப்பினார். சீடர்கள் தங்கள் அளவுகளையும் போட்டோக்களையும் அனுப்பினார்கள். அவை பத்திரிகையில் அச்சாகி வந்தன. அடுத்த தெருக் குமாஸ்தாவின் போட்டோவைப் பார்த்து, இந்தத் தெருக் குமாஸ்தாவும் குண்டை எடுத்தான்.

ஆல்பர்ட் மண்டபப் போட்டி

1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந்தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஒரு பெரிய போட்டி நடந்தது. பல ஜில்லாக்களில் தேர்வு பெற்ற 60 பேர் மேடை ஏறினார்கள். நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் சாண்டோ. மற்றொருவர் சிற்பி சார்லஸ் லாஸ். மூன்றாமவர், ஷெர்லக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில். அவரும் சாண்டோவிடம் பயிற்சி பெற்றவர்தான்.

தசை பெரியதாக இருந்தால் மட்டும் பரிசு இல்லை என்பது விதி. உடம்பு முழுவதும் சீராக வளர்ந்து இருக்கிறதா, ஆரோக்கியம் தெரிகிறதா, தோல் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். நாட்டிங்ஹாம் ஊரைச் சேர்ந்த வில்லியம் முர்ரே முதல் பரிசு பெற்றார். பரிசு, சாண்டோவின் உருவம் செய்த தங்கச் சிலை. வசூலான பணம் யுத்த நிவாரண நிதிக்குப் போயிற்று.

இந்தியாவில் சாண்டோ

சாண்டோ உலகம் சுற்றினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா எல்லாம் போனார். 1904-05-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் காட்சி நடத்தினார்.

தேகப்பயிற்சி நம் நாட்டுக்குப் புதிது அல்ல. தண்டால், பஸ்கி, கர்லா கட்டை எல்லாம் இங்கே வெகு காலமாக இருக்கின்றன. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் பட்டாளத்தார் நம் கர்லா கட்டையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அதற்கு 'இந்தியன் கிளப்' என்றே பெயர். 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பயிற்சிக் கூடங்களில் அது சுழன்றது. இங்கிருந்து கர்லா போயிற்று. அங்கிருந்து சாண்டோவின் குண்டு வந்தது.

மராட்டிய நாட்டில் ஔந்து சமஸ்தானத்தின் ராஜா, சுமார் பத்து ஆண்டுக் காலம் சாண்டோ முறையில் பயிற்சி செய்தவர். பிறகு அவர் சூரிய நமஸ்காரத்தைக் கைக்கொண்டு, அதையே ஊர் ஊராகப் பரப்பினார். கருவி மாறியது. தினமும் செய்யும் பழக்கம் மாறவில்லை.

1906-ல் சாண்டோ பிரிட்டிஷ் பிரஜை ஆனார். 1909-ல், பட்டாளத்தில் சேர உடல் தகுதி போதாத வாலிபர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேற்றினார். 1911-ல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தமது தேகப்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார். சர்க்கஸில் வித்தை காட்டிய வாலிபன் அரண்மனை வரை வந்துவிட்டான்!

பாதியில் விட்டவர்கள்

சாண்டோவின் குண்டை வாங்கிய எல்லோரும் பலசாலி ஆனார்களா? இல்லை. வாங்கியவர்கள் பல பேர். விடாமல் செய்தவர்கள் சில பேர்.

அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், 1922-ல் 'யுலிசிஸ்' என்ற நாவலை வெளியிட்டார். அதன் கதாநாயகன் புளூம், ஊர் சுற்றி விளம்பரம் சேகரிக்கும் சாதாரண ஆள். அவனும் சாண்டோ பயிற்சிக் கருவி வாங்கியவன். இரண்டு மாதம் செய்து, உடம்பை அளந்து குறித்தும் வைத்தான். பிறகு விட்டுவிட்டான். கதை நடக்கும் அன்று, மறுபடியும் தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே நடக்கிறான். இப்படி நினைத்துக்கொண்டே நடப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இதைப் பற்றி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை நடத்தி, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். 96 பேர் ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தினமும் செய்தார்கள். அது தானாக வரும் பழக்கம் ஆவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. சிலருக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிய கெடுதல் இல்லை என்பதும் தெரிந்தது. மறுநாள் தொடர்ந்தால் போதும்.

சரிவு

சாண்டோ நல்ல வியாபாரி. ஆனால் அளவு மீறினார். உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்து கோகோ பானம் விற்றார். தேகப்பயிற்சியால் எத்தனையோ வியாதிகள் குணமாகும் என்று சொல்லி, அதற்கு ஒரு சிகிச்சை நிலையமும் நடத்தினார். தேகப்பயிற்சி பல வியாதிகள் வராமல் காக்கும். ஆனால் எல்லா வியாதிக்கும் அது மருந்து அல்ல என்பது இன்று டாக்டர்கள் அறிந்த உண்மை.

1914-ல் முதல் உலக யுத்தம் வந்தது. எதிரி ஜெர்மனி. சாண்டோ பிறந்த நாடும் ஜெர்மனி. பிரிட்டிஷ் பிரஜை ஆகியும், ஜனங்கள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். 1916-ல் கோகோ வியாபாரம் முறிந்தது. சேர்த்த செல்வத்தில் பெரும்பகுதி போயிற்று.

ஆனாலும் அவர் ஓயவில்லை. அசைவுதான் வாழ்வு என்ற கருத்தில் 1919-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்.

பெயர் இல்லாத கல்லறை

1925-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி, லண்டனில் சாண்டோ காலமானார். வயது 58.

பள்ளத்தில் விழுந்த மோட்டார் காரைத் தனி ஆளாகத் தூக்கியதால்தான் அவர் உடல் கெட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அவருடைய மரணப் பதிவில் உள்ள காரணம், இதயத்தில் இருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயில் ஏற்பட்ட வீக்கம். வெளியே தெரியும் தசையை அவர் அங்குலம் அங்குலமாக அளந்தார். உள்ளே இருக்கும் ரத்தக் குழாயை அளக்க அந்தக் காலத்தில் கருவி இல்லை. இன்று இருக்கிறது. நெஞ்சு வலி, மூச்சு இரைப்பு இருந்தால், பலசாலியானாலும் டாக்டரிடம் காட்டுவதுதான் புத்தி.

லண்டன் பட்னி வேல் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள். மனைவியின் விருப்பப்படி கல்லறையில் பெயர் பொறிக்கவில்லை. உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த உடம்பு, அடையாளம் இல்லாத மண்ணுக்குள் பல ஆண்டு கிடந்தது. 2002-ல்தான் அங்கே ஒரு கல் வைத்தார்கள். 2008-ல் அவர் வம்சத்தைச் சேர்ந்தவர் அதை எடுத்துவிட்டு, பெரிய கல் ஒன்றை நாட்டினார். அதில் சாண்டோ என்ற பெயர் பொறித்து இருக்கிறது.

எது நிலைத்தது?

'மிஸ்டர் ஒலிம்பியா' என்ற உலக ஆணழகன் போட்டியில் வெற்றி பெறுகிறவருக்கு, 1977-ம் ஆண்டு முதல் சாண்டோவின் வெண்கலச் சிலையைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். அது பயில்வான் சாண்டோவின் புகழ்.

வாத்தியார் சாண்டோவின் புகழ் வேறு இடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் ஒரு யோசனை வெளியிட்டது. வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்ய வேண்டும். 150 நிமிஷம் என்பது நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். சாண்டோ குமாஸ்தாக்களிடம் கேட்ட நேரமும் ஏறக்குறைய அதுதான்.

நம் வீட்டில் ஆண்களில் பல பேர் கல்யாணத்துக்கு முன்பு தண்டால் எடுத்தவர்கள். வேலை கிடைத்ததும் விட்டார்கள். தொந்தி விழுந்தது. டாக்டர் சொன்னதும் நாலு நாள் நடந்தார்கள். மழை வந்தது, நின்றார்கள்.

இவர்களுக்குச் சாண்டோவின் வாழ்க்கை காட்டும் வழி கடினமானது அல்ல. சிறியதாகத் தொடங்க வேண்டும். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் செய்ய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். செய்ததைக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். ஒரு நாள் தவறினால், மறுநாள் விடக்கூடாது.

சங்கிலியை அறுக்க எல்லோராலும் முடியாது. நாளைக் காலையில் அரை மணி முன்னதாக எழுந்திருக்க எல்லோராலும் முடியும்.